சொக்கலிங்கத்தின் மகள் எழுதிய தீபாவளி

மூன்று புகைப்படங்களிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் காகிதம் விற்கும் நிறுவனத்தின் கூட்ட அறை. கிளை மேலாளர் மைக்கேல் ஸ்காட் தன் ஊழியர்களுக்கு இந்தியப் பண்பாட்டைக் கற்பிக்கக் கிளம்பியிருக்கிறார். புகழ்பெற்ற இந்தியர்கள் என்று மூன்று பேரைக் காட்டுகிறார். முதலாமவர் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர். அடுத்தவர் 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரில் கடை நடத்தும் அப்பு. மூன்றாமவர் திரைப்பட இயக்குநர் நைட் ஷ்யாமளன். நோபல் விஞ்ஞானிக்கும் கார்ட்டூன் கடைக்காரருக்கும் மைக்கேல் ஒரே மரியாதை தருவதுதான் அங்கே நகைச்சுவை. அது நன்றாகவே வேலை செய்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது வேறொரு காரணத்துக்காக. சந்திரசேகர் தமிழர், லாகூரில் பிறந்து சென்னையில் படித்தவர், சி. வி. ராமனின் அண்ணன் மகன். ஷ்யாமளன் மாஹேயில் பிறந்தவர். தந்தை மலையாளி, தாய் தமிழர். ஆக, அந்த மூவரில் ரத்தமும் சதையுமாக இருக்கும் இருவருமே நம்மோடு உறவு கொண்டாடக்கூடியவர்கள். அறையில் இருக்கும் யாருக்கும் அது தெரியாது. ஆனால் அந்தக் காட்சியை எழுதியவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. அவருடைய பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம்.

உலகம் அவரை மிண்டி கேலிங் என்று அறியும். மேடையில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்திய காலத்தில் அறிவிப்பாளர்கள் சொக்கலிங்கம் என்று சொல்லத் திணறியதால் பெயரைச் சுருக்கிக்கொண்டார். முன்னும் பின்னும் வெட்டி நடுவில் எஞ்சிய துண்டு கேலிங். மதுரைக்காரனான எனக்கு இது ஒரு சின்ன வலி. சொக்கன் எங்கள் ஊர் மீனாட்சியின் கணவன். ஆனால் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. பிராங்பேர்ட் அலுவலகங்களில் என் பெயரின் முதல் இரண்டு அசைகளைத்தான் நானும் இருபது வருடமாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறேன். சம்பளச் சீட்டில் மட்டும் முழுப் பெயர் இருக்கிறது.

இந்தக் கட்டுரை 'தி ஆபீஸ்' தொடரின் 'தீவாளி' என்ற பகுதியைப் பற்றியது. 2006 நவம்பர் 2 அன்று என்பிசி அலைவரிசையில் வெளியானது. மூன்றாம் பருவத்தின் ஆறாம் பகுதி. எழுதியவர் மிண்டி கேலிங், இயக்கியவர் மிகெல் ஆர்டெட்டா. பிரிட்டனில் 2001இல் ரிக்கி ஜெர்வெய்ஸும் ஸ்டீபன் மெர்ச்சன்டும் உருவாக்கிய தொடரின் அமெரிக்க வடிவம் இது. எழுத்தாளர் குழுவில் சேர்ந்தபோது கேலிங்குக்கு வயது 24. எட்டுப் பேர் குழுவில் ஒரே பெண். தொடரில் கெல்லி கபூர் என்ற வாடிக்கையாளர் சேவைப் பெண்ணாக நடித்தவரும் அவரே. பதினெட்டு, பத்தொன்பது வருடப் பழைய நகைச்சுவையை இப்போது எடுத்துப் பேசக் காரணம் என் மகள்.

அவளுக்கு வயது பதினைந்து. இந்தத் தொடரை அவளும் அவள் தோழிகளும் பைபிள் மாதிரி வைத்திருக்கிறார்கள். போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பிடித்து உட்காரவைத்து இந்தப் பகுதியைப் போட்டாள். கூட்ட அறைக் காட்சி வந்தது. கெல்லியைப் பார்த்து, உங்கள் பண்டிகையின் பின்கதையைக் கொஞ்சம் சொல்லேன் என்கிறார் மைக்கேல். தெரியாது, ரொம்பப் பழசு என்று நினைக்கிறேன் என்கிறாள் கெல்லி. உடனே ட்வைட் குறுக்கிடுகிறார். பீட்ரூட் பண்ணை வைத்திருக்கும் அந்த விற்பனையாளர், ராமன் பட்டம் சூட்டிக்கொண்ட நாள், இலங்கையின் அரக்க அரசன் ராவணனோடு நடந்த போர், நன்மைக்கும் தீமைக்குமான மோதல் என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறார். இது என்ன 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையா என்று மைக்கேல் அவரை அடக்குகிறார்.

மகள் தொடரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பா, இதுல நீங்க யாரு சொல்லுங்க?"

"கெல்லிதான். வேற யாரு?"

"இல்லப்பா. நீங்க ட்வைட்."

அவள் சொன்னது சரி. அது ஏன் சரி என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பகுதியின் பலங்கள்.

முதல் பலம், கெல்லியின் 'தெரியாது'. மேலோட்டமாகப் பார்த்தால் அவளை அறிவிலியாகக் காட்டும் நகைச்சுவை அது. தீபாவளி என்றால் அவளுக்கு ஆட்டம், சாப்பாடு, அழகான உடை. நம் சங்கக் கூட்டங்களில் இளைய தலைமுறையைப் பற்றி வரும் புலம்பல் அத்தனையும் அவள் மேல் பொருந்தும். ஆனால் அந்தக் காட்சியில் யார் கேலிக்கு ஆளாகிறார்கள் என்று பாருங்கள். காகிதம் விற்கும் அலுவலகத்தில் ஒரு பெண் திடீரென்று நூறு கோடிப் பேரின் தூதராக்கப்படுகிறாள். எத்தனை தெய்வங்கள், எதற்கு விளக்கு என்று வரிசையாகக் கேள்விகள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எந்த வெள்ளைக்காரரிடமும் ஈஸ்டருக்கு ஏன் முயல் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பாதிப் பேர் கெல்லி சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்கள். பண்டிகையை அனுபவிக்க அதை விளக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை சிறுபான்மையினருக்கு மட்டும்தான் போடப்படுகிறது. கேலிங் அந்த நிபந்தனையைச் சொற்பொழிவு ஆற்றாமல் ஒரே பதிலில் கலைத்துப்போடுகிறார்.

இதன் அருமை புரிய 2005 மார்ச் 29 அன்று வெளியான 'பன்முகத்தன்மை நாள்' பகுதியை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அது தொடரின் இரண்டாவது பகுதி. எழுதியவர் பி. ஜே. நோவாக். அதில் மைக்கேல், கடைக்கார இந்தியனின் குரலைப் போலி செய்து கெல்லியின் முகத்துக்கு நேராகப் பேசுகிறார். கெல்லி பளாரென்று ஓர் அறை விடுகிறாள். அங்கே கெல்லி ஒரு கன்னத்தை நோக்கி வரும் கை மட்டுமே. பத்தொன்பது மாதம் கழித்து அதே பெண் தன் வீட்டாரோடு, தன் உடையில், தன் பிடிவாதங்களோடு ஒரு முழுப் பகுதியின் நடுவே நிற்கிறாள். அவளுக்கு இப்போது ஊர் இருக்கிறது, தங்கைகள் இருக்கிறார்கள், காதலன் ரயனை ஏற இறங்கப் பார்க்கும் பெற்றோர் இருக்கிறார்கள். தொலைக்காட்சி எழுத்தில் ஒரு சிறுபான்மைப் பாத்திரம் ஆளாக மாறும் வழி இதுதான். அறைவதற்கான உரிமையைவிட அசட்டுத்தனமாக இருப்பதற்கான உரிமை பெரியது.

இரண்டாம் பலம், விருந்து மேசை. ஏஞ்சலா என்ற கணக்காளர் மூக்கைச் சுளித்தபடி வருகிறார். நான் சைவம், எனக்கு எது சாப்பிடலாம் என்று கேட்கிறார். எல்லாமே சைவம்தான் என்கிறார்கள். அப்படியானால் கொஞ்சம் ரொட்டி போதும் என்று நானை எடுத்துக்கொண்டு நகர்கிறார். தனக்கு மறுக்கப்படுவதாக நினைத்துக்கொண்டிருந்த ஒன்று மேசை முழுக்கக் கிடைத்தும் ஏற்க மனமில்லை. முப்பது வினாடிகூட வராத காட்சி. பிராங்பேர்ட்டில் இதே காட்சியை வெவ்வேறு நடிகர்களோடு பலமுறை பார்த்திருக்கிறேன். மைக்கேலோ சமோசாவை வேறு ஏதோ இனிப்புப் பண்டம் என்று நினைத்துக் கடித்துவிட்டுச் சகிக்கவில்லை என்கிறார். இரண்டு நகைச்சுவையிலும் உணவு கேலிக்கு ஆளாவதில்லை, வாய்தான் ஆளாகிறது.

மூன்றாம் பலம், கதைக்கட்டு. மைக்கேல் தன் தோழி கேரலை அழைத்துவருகிறார். இது மாறுவேட விருந்து என்று தப்பாகச் சொல்லிவைத்ததால் அவள் விளையாட்டு மைதானத்தில் ஆடும் உற்சாகப் பெண்ணின் உடையில் வந்து நிற்கிறாள். பட்டுச்சேலைகளுக்கு நடுவே குட்டைப் பாவாடை. அந்த மண்டபத்தில் வேடம் போட்டவள் அவள் ஒருத்திதான். பிறகு மைக்கேல் கெல்லியின் பெற்றோரிடம் பேசுகிறார். திருமணத்துக்கு முன் அவர்கள் ஒரே ஒரு முறைதான் சந்தித்தார்கள், முப்பது வருடமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர் மூளையில் ஒரு கணக்கு ஓடுகிறது. ஒரு சந்திப்பு போதுமென்றால் கேரலோடு ஒன்பது முறை வெளியே போன நான் எதற்குக் காத்திருக்க வேண்டும்? ஒலிபெருக்கியை வாங்கி, அந்நியர்களின் பண்டிகை நடுவே, எல்லோர் முன்னும் திருமணம் கேட்கிறார். கேரல் மறுத்துவிட்டுப் போய்விடுகிறாள். வெளியே படிக்கட்டில் பாம் ஆறுதலாகப் பேச, மைக்கேல் அவளை முத்தமிடப் பார்க்கிறார். அவள் விலக்கிவிடுகிறாள். அதற்குப் பிறகும் அவரை வீட்டில் கொண்டுவிடுவது அவள்தான்.

இதில் கேலிங் செய்திருப்பது கெட்டிக்காரத்தனமான காரியம். அடுத்தவர் பண்பாட்டைத் தன் தனிமைக்கு மருந்தாக எடுத்துக்கொள்ளும் மனிதரைக் காட்டுகிறார். மைக்கேலிடம் வெறுப்பு இல்லை. அவர்தான் எல்லோரையும் கெல்லிக்காகக் கிளம்பச் சொன்னவர். இந்தியர்களிடம் இருக்கும் ஏதோ ஒரு ரகசியம் தன்னையும் காப்பாற்றிவிடும் என்று நம்புகிறார். கண்ணை மூடிக்கொண்டு நமஸ்தே சொல்லும் யோகா வகுப்பு ஜெர்மானியரை அறிந்தவர்களுக்கு இந்த வகை அன்பு பழக்கமானதுதான். அந்த அன்பை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதுதான் தெரியாது.

இனி குறைகள்.

சின்னக் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதே இரவில் ஸ்டாம்ஃபர்ட் கிளையில் ஜிம், ஆண்டி, கேரன் மூவரும் வேலை பார்த்தபடி குடிக்கிறார்கள். கேரன் தன் பங்கை யாருக்கும் தெரியாமல் கொட்டுகிறாள், ஜிம் உண்மையாகவே போதையாகிறான், சைக்கிளில் வீடு போக முடியாமல் விழுகிறான். தொடரின் நீண்ட காதல் கதைக்கு இது தேவை என்பது புரிகிறது. ஆனால் இருபது சொச்சம் நிமிடப் பகுதியில் ஒவ்வொரு முறை நாம் ஸ்டாம்ஃபர்ட் போகும்போதும் மண்டபத்தின் பாட்டு நின்றுபோகிறது. பண்டிகை வளர்வதில்லை, துண்டு துண்டாகத் தெரிகிறது. இதன் விளைவாக மண்டபத்தில் கெல்லி குடும்பத்தைத் தவிர மற்ற இந்தியர்கள் பெரும்பாலும் நிறம் மட்டுமே. ஆடுகிறார்கள், பரிமாறுகிறார்கள், மைக்கேல் ஒலிபெருக்கியை எடுக்கும்போது திகைத்து நிற்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வாடகைக்கு எடுத்த மண்டபத்தை ஓர் அந்நியர் வந்து தன் சோகத்துக்கு மேடையாக்கினால் அந்தக் கூட்டம் என்ன பேசிக்கொள்ளும்? பிராங்பேர்ட்டின் சால்பாவ் மண்டபம் ஒன்றில் நடந்திருந்தால் சாப்பாட்டு வரிசையிலேயே மூன்று மாதத்துக்கான பேச்சு தயாராகியிருக்கும். அந்தப் பேச்சில் ஒரு வரியாவது எனக்குக் கேட்க வேண்டியிருந்தது.

இரண்டாவது குறை பெரியது. கெல்லியின் பெற்றோராக நடித்தவர்கள் கேலிங்கின் சொந்தப் பெற்றோர். தந்தை ஆவு சொக்கலிங்கம் கட்டடக் கலைஞர், தமிழர். தாய் ஸ்வாதி மகப்பேறு மருத்துவர், வங்காளி. இருவரும் சந்தித்தது நைஜீரியாவில். அவர் மருத்துவமனைக் கட்டட வேலைக்கு வந்தவர், இவர் மருத்துவராக வேலை பார்த்தவர். 1979இல் அமெரிக்கா வந்தார்கள், அந்த ஆண்டே மகள் பிறந்தாள். மிண்டி என்ற பெயர்கூட நைஜீரியாவில் பார்த்த ஓர் அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் பாத்திரத்திலிருந்து எடுத்தது. இத்தனை வியப்பான உண்மைக் கதையைச் சுமந்த இரண்டு மனிதர்களைத் திரையில் உட்காரவைத்து, திருமணத்துக்கு முன் ஒருமுறைதான் பார்த்தோம் என்று சொல்லவைத்திருக்கிறார் மகள்.

கதைக்கு அது தேவை என்ற சமாதானம் உண்டு. மைக்கேலின் கணக்கு ஓட வேண்டுமானால் பெற்றோர் பார்த்து முடித்த திருமணம் வேண்டும். ஆனால் மறுபக்கம் யோசித்துப் பாருங்கள். மைக்கேல் அதே ஆசையோடு அவர்களிடம் வந்து, உங்களுடையது பெரியவர்கள் முடித்துவைத்தது தானே என்று கேட்க, இல்லை, நாங்கள் ஆப்பிரிக்காவில் ஒரு மருத்துவமனையில் சந்தித்தோம் என்று அவர்கள் சொல்லியிருந்தால்? அவர் அதைக் கேட்காமலே ஒலிபெருக்கியை நோக்கி நடந்திருந்தால்? நகைச்சுவையும் கெட்டிருக்காது, மைக்கேலும் மாறியிருக்க மாட்டார். மாறாக, தான் கேட்க வந்ததை மட்டும் கேட்கும் மனிதர் என்பது இன்னும் கூர்மையாகியிருக்கும். 2006இல் அமெரிக்கப் பொது அலைவரிசைப் பார்வையாளருக்கு அது புரியுமா என்ற தயக்கம் எழுத்தாளர் அறையில் இருந்திருக்கலாம். எப்படியோ, அவர்கள் எதிர்பார்த்த இந்தியர்களே அவர்களுக்குக் கிடைத்தார்கள்.

மூன்றாவது குறைதான் நம்மை நேராகத் தொடுவது. சொக்கலிங்கத்தின் மகள் எழுதிய பண்டிகையில் நம்முடைய தீபாவளி இல்லை. பாத்திரத்தின் பெயர் கபூர், பஞ்சாபிப் பெயர். சொல்லப்படும் கதை ராமனுடையது. எண்ணெய்க் குளியல் இல்லை, நரகாசுரன் இல்லை, விடியற்காலை இல்லை. எங்கள் பக்கத்தில் பண்டிகை இரவு விளக்கில் தொடங்குவதில்லை, விடியுமுன் தலையில் வழியும் நல்லெண்ணெயில் தொடங்குகிறது. எல்லாமே சைவம் என்ற வரியை மேலே பாராட்டினேன். அதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் மதுரையில் எங்கள் வீட்டிலும் தெருவில் பல வீடுகளிலும் தீபாவளிக் காலை என்றால் இட்லியும் கறிக்குழம்பும். யாழ்ப்பாணத்திலும் அன்றைக்கு ஆட்டிறைச்சிக் கறிதான் விசேஷம் என்று இங்கே பழகிய ஈழத்து நண்பர்கள் சொல்வார்கள். ஏஞ்சலா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் ரொட்டியைத் தவிர வேறு வழியே இருந்திருக்காது.

ராவணன் விஷயம் இன்னும் நுட்பமானது. நம்மில் பலருக்கு அவன் வெறும் அரக்கன் இல்லை. புலவர் குழந்தை 1946இல் 'இராவண காவியம்' எழுதி அவனைத் தலைவனாக்கினார். சென்னை அரசு 1948இல் அந்த நூலைத் தடை செய்தது, 1971இல்தான் தடை நீங்கியது. தீபாவளியையே கொண்டாடாதீர்கள் என்று பெரியார் சொல்லிவந்ததும் நாம் அறிந்தது. 1980களில் ஜெர்மனி வந்த ஓர் அண்ணனோடு சேர்ந்து இந்தப் பகுதியை இரண்டாம் முறை பார்த்தேன். ட்வைட் பேசி முடித்ததும் அவர் தேநீரை வைத்துவிட்டுச் சொன்னார்:

"என்ன தம்பி, இவன் எங்கட ராசாவையெல்லோ அரக்கன் எண்டு சொல்லுறான்."

சிரித்தோம். ஆனால் அந்த வரியை ஒலிபரப்பியதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஓர் உண்மையை யாரும் மறுக்காதபோது அது ஒரே உண்மையாகிவிடுகிறது. கெல்லிக்குத் தெரியாது, மைக்கேலுக்குப் பொறுமையில்லை, ஆகவே ட்வைட் சொன்னதே தீபாவளி. எழுத்தாளர் இதை அறிந்தே செய்தாரா? படித்து ஒப்பிப்பவனிடம் அதிகாரபூர்வக் கதையையும், அனுபவித்தவளிடம் 'தெரியாது' என்ற பதிலையும் கொடுத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மூன்றாவது குரல் ஒன்று இருந்திருக்கலாம். கெல்லியின் அம்மாவோ அப்பாவோ ஒரு வரியில், எங்கள் வீட்டில் வேறு கதை சொல்வார்கள் என்று சொல்லியிருந்தால் போதும்.

இங்கே என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் முதுநிலைப் படிப்புக்காக ஜெர்மனி வந்தது 2004. அதற்கு நான்கு வருடம் முன்புதான் இருபதாயிரம் கணினி வல்லுநர்களுக்குப் பச்சை அட்டை என்று அரசு அறிவித்தது. இந்தியர்கள் வேண்டாம், நம் பிள்ளைகளைப் படிக்கவையுங்கள் என்ற பொருளில், எதுகையோடு, 'கிண்டர் ஷ்டாட் இண்டர்' என்ற முழக்கம் வடரைன் வெஸ்ட்பாலியத் தேர்தலில் எழுந்ததும் அதே 2000இல்தான். நான் வந்து இறங்கிய அக்டோபரில் இங்கே புரோசீபன் அலைவரிசையில் 'ஸ்ட்ரோம்பெர்க்' தொடங்கியது. 'தி ஆபீஸ்' தொடரின் ஜெர்மானிய ஒன்றுவிட்ட தம்பி என்று அதைச் சொல்லலாம். பிபிசி வழக்குத் தொடுப்பதாகச் சொன்ன பிறகே மூலத் தொடருக்கான நன்றி அதில் இடம்பெற்றது. காப்பீட்டு நிறுவனத்தின் துறைத் தலைவர் பெர்ன்ட் ஸ்ட்ரோம்பெர்க்காகக் கிறிஸ்டோஃப் மரியா ஹெர்ப்ஸ்ட் நடித்தார். அவருக்குப் போட்டி, துர்சுலு என்ற துருக்கிய வழி ஜெர்மானியர், அவரும் துறைத் தலைவர். முதல் பகுதியின் பெயர் 'வண்டி நிறுத்துமிடம்'. என் ஜெர்மன் அப்போது பாதிதான் புரியும் நிலையில் இருந்தது. ஆனால் ஒன்று புரிந்தது. இந்தத் தொடரில் வெளியாள் சமமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் அவரிடம் ரம்ஜானை விளக்கச் சொல்லவில்லை. சண்டை அதிகாரத்துக்காக. அந்த வகையில் 'ஸ்ட்ரோம்பெர்க்' இன்னும் குரூரமானது, ஒருவகையில் நேர்மையானதும்கூட. வெறுப்பைப் பொறாமை என்று அது சரியாக அடையாளம் காண்கிறது. ஆனால் துர்சுலுவின் வீட்டுக்குள் அது போவதில்லை. 'தீவாளி' போகிறது. கதவு திறப்பதில் கேலிங் முந்திக்கொள்கிறார்.

பிறகு காலம் மாறியது. 2006இல், இந்தப் பகுதி வெளியான அதே ஆண்டில், ஜெர்மனியில் நிறுவனங்கள் கையெழுத்திடும் 'பன்முகத்தன்மைச் சாசனம்' வந்தது. 2013 முதல் ஆண்டுதோறும் பன்முகத்தன்மை நாள் ஒன்று இங்கே கடைப்பிடிக்கப்படுகிறது. அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் கேலியாக வந்த தலைப்பு நம் நாட்காட்டியில் உண்மையாகவே ஏறிவிட்டது. அதன் தொடர்ச்சியாக நான் வேலை பார்த்த வாடிக்கையாளர் அலுவலகம் ஒன்றில் தீபாவளி பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் கேட்டார்கள். நான் ஒரு ஞாயிறு மாலை உட்கார்ந்து பன்னிரண்டு சிலைடுகள் தயாரித்தேன். அயோத்தி, பதினான்கு ஆண்டு, ராவணன், விளக்கு, நன்மை வெல்லும். நரகாசுரன் ஒரு சிலைடில்கூட இல்லை. கறிக்குழம்பு இல்லை. பெரியாரைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு விட்டேன். காரணம் எளிது. ராமன் கதைக்குப் படங்கள் இணையத்தில் அழகாகக் கிடைத்தன. கேட்பவர்களும் பாதிக் கதையை ஏற்கனவே அறிந்திருந்தார்கள், அதை உறுதிப்படுத்தினால் போதும். கைதட்டினார்கள். என் மகள் அன்று மாலை அந்தச் சிலைடுகளைப் பார்த்துவிட்டு, "ஆனா பாட்டி வேற கதைதானே சொல்வாங்க?" என்றாள். சுருக்கமாகச் சொல்ல இதுதான் வசதி என்றேன்.

அதனால்தான் நான் ட்வைட். படித்து ஒப்பித்தவன். என் வீட்டுப் பண்டிகையை எனக்கே தெரியாத ஒருவரின் பண்டிகையாக மாற்றிக் கொடுத்தவன். மிண்டி கேலிங் பெயரை வெட்டியதைப் பற்றி மூன்றாம் பத்தியில் வலி என்று எழுதினேன் அல்லவா, நான் வெட்டியது பெயரைவிடக் கொஞ்சம் அதிகம்.

இந்தக் கோணத்தில் பார்க்கும்போது கேலிங்கின் பிந்தைய வேலை முக்கியமாகிறது. 2020 ஏப்ரலில் நெட்பிளிக்ஸில் வந்த 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரில் நாயகி தேவி விஸ்வகுமார், தமிழ்க் குடும்பத்துப் பெண். நடித்தவர் மைத்ரேயி ராமகிருஷ்ணன், கனடாவில் வளர்ந்த ஈழத் தமிழர் வழிப் பெண். பொது அழைப்புக்கு வந்த ஆயிரக்கணக்கானோரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். கபூரிலிருந்து விஸ்வகுமாருக்கு வர பதினான்கு வருடம் பிடித்தது. அங்கேயும் ஒரு பண்டிகைப் பகுதி இருக்கிறது. அதைக் கணேஷ் பூஜை என்கிறார்கள். நம் வீட்டில் விநாயகர் சதுர்த்தி. பழைய பழக்கம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் இறந்துபோன அப்பாவுக்காக அந்தப் பெண் அழும் இடங்களில் பண்டிகை விளக்கமே தேவைப்படுவதில்லை. 'தீவாளி' பகுதியில் விதைத்த 'தெரியாது' அங்கே துக்கமாக வளர்ந்திருக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லித்தர வேண்டியவர் இல்லாமல் போனால் என்ன செய்வது என்ற கேள்வி அது.

அந்தக் கேள்வியோடு திரும்பவும் 2006க்குப் போனால் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவின் முகம் வேறு மாதிரி தெரிகிறது. ஸ்வாதி சொக்கலிங்கம் நடிகை இல்லை. வசனங்களை ஒரு மருத்துவர் நோயாளியிடம் பேசுவது போல நிதானமாகச் சொல்கிறார். ரயனை அவர் அளந்து பார்க்கும் பார்வைக்குப் பயிற்சி தேவைப்பட்டிருக்காது. 2012இல் புற்றுநோயால் இறந்துபோனார். மகள் எழுதிய ஒரு பண்டிகை இரவில், வேறொருவரின் திருமணக் கதையைத் தன்னுடையது என்று சொல்லியபடி, அவர் அந்தப் பகுதிக்குள் இருக்கிறார். கதையில் பொய்; உட்கார்ந்திருப்பதில் பொய் இல்லை. இந்தப் பகுதியின் எல்லாக் குறைகளையும் சொன்ன பிறகும் நான் இதைத் திரும்பப் பார்ப்பேன் என்றால் அதற்கு இந்தத் தம்பதிதான் காரணம். ஜெர்மனியில் தமிழாலயங்களிலும் சங்க விழாக்களிலும் நாம் எடுத்து வைத்திருக்கும் வீடியோக்களிலும் இப்படித்தான். மேடையில் பிள்ளை எதையோ தப்பும் தவறுமாக ஒப்பிக்கும். ஓரத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். இருபது வருடம் கழித்து நாம் அந்த ஓரத்தைத்தான் பார்ப்போம்.

தீர்ப்பு சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், 'தீவாளி' அலுவலக நகைச்சுவையாகத் தேர்ச்சி பெற்ற பகுதி, பண்டிகைச் சித்திரமாகப் பாதி. பார்வையாளருக்குத் தெரிந்த இந்தியாவைக் கொடுத்துவிட்டு, அதன் நடுவே தெரியாது என்று சொல்லும் ஒரு பெண்ணை உட்காரவைத்தது அதன் சாமர்த்தியம். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இருந்த சொக்கலிங்கத்தை வெளியே விடாதது அதன் தோல்வி. இளையவர்கள் இதைப் பெற்றோரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். கெல்லியைப் பார்த்துப் பெற்றோர் தலையில் அடித்துக்கொள்வதற்கு முன், ட்வைட்டைக் கொஞ்சம் கவனிக்கட்டும்.

இந்த வருடமும் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. இடம் வேறு, வேண்டுகோள் அதேதான். பத்து நிமிடம், தீபாவளி, முடிந்தால் படங்களோடு. அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்து, சின்ன வயதில் நீ சொன்ன நரகாசுரன் கதையை இன்னொரு முறை சொல் என்றேன். அம்மா பாதி சொல்லிவிட்டு, "அதுக்கப்புறம் எனக்கே மறந்துபோச்சுப்பா, எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

மகளிடம் சொன்னேன். அப்படியே சொல்லிடுங்கப்பா என்றாள். சிலைடு இன்னும் தொடங்கவில்லை.